விலங்குப் பொருள்கள் இல்லாத இயற்கை உரமிடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தோட்டத்திலோ மாடித் தோட்டத்திலோ வேதியுரம் இல்லாமல் காய்கறி வளர்ப்பவர்களில் சிலர், சாணம், எலும்புத்தூள், மீன் கரைசல் முதலியவற்றையும் தவிர்க்க விரும்புகிறார்கள். சிலருக்கு அது கொள்கை. வேறு சிலருக்கு, நகரத்தில் நல்ல சாணம் கிடைக்காததே காரணம். இரு தரப்பினரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றுக்கான விடைகள் தமிழ்நாட்டுச் சூழலை மனத்தில் கொண்டு இங்கே தரப்படுகின்றன.

இயற்கை உரங்களில் எவையெல்லாம் விலங்குகளிடமிருந்து வருபவை?

தொழு உரம், ஆட்டெரு, கோழி எரு ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. எலும்புத்தூள், இரத்தப்பொடி, கொம்பு மற்றும் குளம்புத் தூள் ஆகியவை இறைச்சிக் கூடங்களிலிருந்து வருகின்றன. மீன் அமிலம், முட்டைக் கரைசல், பால், தயிர், நெய் சேரும் பஞ்சகவ்யம், சாணமும் கோமியமும் சேரும் ஜீவாமிர்தம், மோர் சேரும் தேமோர்க் கரைசல், அரப்பு மோர்க் கரைசல் ஆகியனவும் இந்தப் பட்டியலில் அடங்கும். பலர் கவனிக்காமல் விடுவது, கடைகளில் குப்பியில் விற்கப்படும் அமினோ அமில வளர்ச்சியூக்கிகளை. அவற்றில் சில சோயாவிலிருந்து எடுக்கப்பட்டாலும், தோல், இறகு, மீன் கழிவு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுபவையும் சந்தையில் உண்டு.

சாணமே போடாவிட்டால் மண்ணுக்குச் சத்து எங்கிருந்து வரும்?

மாடு எந்தச் சத்தையும் புதிதாக உண்டாக்குவதில்லை. சாணத்தில் இருக்கும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அது தின்ற புல்லிலும் வைக்கோலிலும் தவிட்டிலும் பிண்ணாக்கிலும் முன்பே இருந்தவைதான். அவற்றில் ஒரு பகுதி பாலாகவும் உடலாகவும் போக, மீதமே தொழுவத்துக்கு வருகிறது. மாட்டின் வயிறு செய்யும் உண்மையான உதவி, நார்ப்பொருளை விரைவாகச் சிதைத்து, நுண்ணுயிர்களோடு கலந்து கொடுப்பது. அந்த வேலையை மட்குக் குழியும் மண்ணும் செய்யும். ஆனால் மெதுவாகச் செய்யும். எனவே விலங்கின்றி உரமிடுபவருக்குத் தேவைப்படுவது வேறொரு மாயப்பொருள் அன்று. கூடுதல் இலைதழையும் சில வாரக் காத்திருப்பும் முன்கூட்டிய திட்டமும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து என்று கொண்டால், ஏறத்தாழ 100 சதுர அடிப் பாத்திக்கு ஒரு பருவத்தில் 100 கிராம் போதும். தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீத அளவே இருப்பதால், அந்த 100 கிராமுக்கு 20 கிலோ தொழு உரம் வேண்டும். வேலியோரம் வளர்க்கப்படும் கிளிரிசிடியா மரத்தின் இலையில் உலர் எடைக்குச் சுமார் 3 சதவீதம் தழைச்சத்து உண்டு. பச்சை இலையின் எடையில் முக்கால் பங்கு நீர் என்று கழித்தாலும், 15 கிலோ பச்சைத் தழை அதே அளவைத் தந்துவிடும். வேப்பம்பிண்ணாக்காக இருந்தால் 2 கிலோ போதும். இவற்றில் எதுவானாலும் முழுச் சத்தும் முதல் பருவத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். அது தொழு உரத்துக்கும் பொருந்தும்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புது வழக்கமா?

இல்லை. வயலில் எருக்கு, ஆவாரை, புங்கம், வேம்பு, கொழுஞ்சி ஆகியவற்றின் தழையைப் பரப்பிச் சேற்றில் மிதித்து நடுவது தமிழ்நாட்டின் நெல் விவசாயத்தில் நெடுநாள் வழக்கம். யாழ்ப்பாணத்தில் பூவரசங் குழையைத் தோட்டத்தில் தாழ்த்துவதும் அப்படிப்பட்டதே. கிளிரிசிடியாவை இலங்கை அரசு தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காம் தோட்டப் பயிராகவே அறிவித்தது. நம் முன்னோர் தழையோடு கிடை போட்டு ஆட்டெருவும் சேர்த்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே இருந்தன. முழுக்கவே கால்நடை எரு இல்லாமல் விற்பனைக்குக் காய்கறி விளைவிக்க முடியுமா என்று ஐயப்படுபவர்களுக்கு, இங்கிலாந்தில் இயன் டோல்ஹர்ஸ்ட் என்னும் விவசாயி மண்ணில் மடக்கி உரமாக்குவதற்கென்றே வளர்க்கும் பசுந்தாள் பயிரையும் மரச்சிராய் மட்கையும் கொண்டு நெடுங்காலமாக அதைச் செய்துவருவதைச் சொல்லலாம். அங்கே குளிரில் மட்கு மெதுவாகத்தான் ஆகும். நம் வெப்பத்தில் அந்தத் தடை இல்லை.

பசுந்தாள் பயிரைச் சிறு தோட்டத்தில் எப்படிப் பயன்படுத்துவது?

இந்த முறையின் முதுகெலும்பு பசுந்தாள்தான். பிண்ணாக்கு வாங்குவதற்கு முன்பே இதைப் பற்றி யோசிக்க வேண்டும். சணப்பும் தக்கைப்பூண்டும் எளிதில் கிடைக்கும் விதைகள். 100 சதுர அடிக்கு 30 முதல் 50 கிராம் விதை போதும். சணப்புக்கு வடிகால் உள்ள நிலம் வேண்டும். தக்கைப்பூண்டு தண்ணீர் தேங்கினாலும், மண் சற்று உவராக இருந்தாலும் தாங்கும். விதைத்த 45 முதல் 60 நாளில் பூ வரத் தொடங்கும்போது அறுத்துச் சிறு துண்டுகளாக்கி மண்ணில் புரட்டிவிட்டு, 15 முதல் 20 நாள் கழித்துக் காய்கறி நாற்றை நட வேண்டும். அந்தச் சிறு பாத்தியிலேயே 15 கிலோவுக்குக் குறையாமல் பச்சைத் தழை கிடைக்கும். மேலே போட்ட கணக்கின்படி, ஒரு பருவத்துக்கு வேண்டிய தழைச்சத்தின் பெரும்பங்கைப் பாத்தி தனக்குத் தானே தேடிக்கொண்டதாக ஆகிறது.

பூக்கும் தருணத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. காய் பிடித்த பிறகு செடி சேர்த்து வைத்திருக்கும் தழைச்சத்து விதைக்குப் போய்விடும். தண்டும் நாராகி, மட்கத் தாமதமாகும். அவரையும் தட்டைப்பயறும் ஊடுபயிராகப் போட்டால் மண்ணுக்குத் தழைச்சத்து வந்துவிடும் என்று பலர் நம்புவதில் பாதிதான் உண்மை. காயைப் பறித்து நாம் சாப்பிட்டுவிட்டால், பயறு காற்றிலிருந்து எடுத்து நிலைநிறுத்திய தழைச்சத்தில் பெரும்பங்கு நம் தட்டுக்கே வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பயிரின் கொடியையும் இலையையும் அறுத்து மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பிப் போட்டு, வேரை மண்ணிலேயே விட்டுவிட்டால் எஞ்சியதாவது நிலத்துக்குச் சேரும்.

பயறு வகைச் செடிகளுக்குக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சுகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து கிடைக்கவில்லை. புதிய நிலத்தில் முதன்முறை விதைக்கும்போது, ஆறிய அரிசிக் கஞ்சியில், முடிச்சுகளை உண்டாக்கும் பாக்டீரியாவான ரைசோபியம் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைப்பது இதற்காகத்தான்.

மாடியில் பைகளில் வளர்ப்பவர்கள், ஒரு பயிர் முடிந்த பையில் கொள்ளையோ தட்டைப்பயறையோ நெருக்கமாகத் தூவி, பூக்கும் சமயத்தில் அறுத்து அதே பையில் புதைக்கலாம். சிறுதானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், பசுந்தாள் ஆகியவற்றின் விதைகளைக் கலந்து விதைத்து மடக்கி உழும் பலதானிய விதைப்பை, தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் களர் நிலத்தையும் களைத்த நிலத்தையும் தேற்றப் பயன்படுத்துகிறார்கள். அதையே ஒரு கைப்பிடி அளவில் தொட்டியிலும் செய்யலாம். வேலியோரம் இடம் இருந்தால் இரண்டு கிளிரிசிடியாக் கொம்பை நட்டுவிடுங்கள். ஆண்டில் பலமுறை கவாத்து செய்து தழை எடுக்கலாம்.

பிண்ணாக்குகளில் எதை, எவ்வளவு போடுவது?

கடலைப்பிண்ணாக்கில் தழைச்சத்து 7 சதவீதத்தை ஒட்டியும், எள்ளுப்பிண்ணாக்கில் 6, வேப்பம்பிண்ணாக்கில் 5, ஆமணக்குப் பிண்ணாக்கில் 4, தேங்காய்ப்பிண்ணாக்கில் 3 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். எல்லாவற்றிலும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் 1 முதல் 2 சதவீத அளவில் சேர்ந்து வருகின்றன.

எண்ணில் கடலைப்பிண்ணாக்கே முதலிடம் என்றாலும், வீட்டுத் தோட்டத்துக்கு வேப்பம்பிண்ணாக்கையே நான் முதலில் சொல்வேன். அது மண்ணில் தழைச்சத்து வீணாகும் வேகத்தைக் குறைக்கிறது. தக்காளி, கத்தரி, வெண்டை வேர்களில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவையும் அடக்குகிறது. மேலும், கடலைப்பிண்ணாக்கு மாட்டுக்கும் மனிதருக்கும் உணவாகக்கூடியது. அதை மண்ணில் போடுவது சற்று ஊதாரித்தனமாகவே படுகிறது. எலியும் எறும்பும் அதைத் தேடி வரும் என்பது நடைமுறைத் தொல்லை.

20 லிட்டர் பைக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 முதல் 50 கிராம் வேப்பம்பிண்ணாக்கைப் பொடித்து, நடுவதற்கு இரு வாரம் முன்பே மண்ணில் கலந்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். நட்ட பிறகு மாதம் ஒருமுறை, தண்டிலிருந்து தள்ளி மேல்மண்ணைக் கிளறி அதில் பாதி அளவு போட்டு மூடினால் போதும். பிண்ணாக்கு மட்கும் தொடக்கத்தில் சூடும் அம்மோனியாவும் உண்டாவதால், விதைக்கும் நாளிலேயே விதையோடு சேர்த்துப் போடுவது முளைப்பைக் கெடுக்கும். உடனடி ஊட்டம் வேண்டுமானால், 100 கிராம் பிண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நான்கு நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு நீர் சேர்த்து வேரில் ஊற்றலாம். வாடை கடுமையாக இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் செய்வதற்கு முன் பக்கத்து வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சாணக் கரைசல் தெளிக்காமல் மட்கு உரம் ஆகுமா?

நன்றாகவே ஆகும். ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவார்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் உருவாக்கிய மட்கு முறையில் சாணமும் மூத்திரம் ஊறிய மண்ணும் இன்றியமையாத பகுதிகளாக இருந்தன. விலங்கின்றி இயற்கை பயிர் செய்வதில்லை என்பது அவர் கருத்து. காட்டு மண்ணில் வண்டும் கரையானும் மண்புழுவும் இருப்பதால் அந்தக் கருத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், கட்டிவைத்த மாட்டின் சாணம் இல்லை என்பதற்காகக் காட்டில் இலை மட்காமல் கிடப்பதில்லை.

குவியலில் சாணம் செய்வது இரண்டு வேலைகள்: தழைச்சத்து கொடுப்பது, நுண்ணுயிர் கொடுப்பது. முதல் வேலைக்குக் கிளிரிசிடியா, அகத்தி, முருங்கை, வாதநாராயணன் போன்றவற்றின் பச்சைத் தழையும் காய்கறித் தோலும் போதும். இரண்டாவது வேலைக்குப் பழைய மட்கு இரண்டு கைப்பிடியோ மரத்தடி மண்ணோ போதும். கரிமமும் தழைச்சத்தும் 25 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதை நடைமுறையில், சருகு இரண்டு பங்கும் பச்சை ஒரு பங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரும் அளவு ஈரம் இருக்க வேண்டும். நீள அகல உயரம் மூன்றடிக்குக் குறையாத குவியல் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடாகி, களை விதையையும் நோய்க் கிருமியையும் கொல்லும். 10 அல்லது 15 நாளுக்கு ஒருமுறை புரட்டிவந்தால், இரண்டு மூன்று மாதத்தில் மட்கு தயாராகும். மாடியில் வைக்கும் டிரம்மும் மண்பானையும் அவ்வளவு சூடாவதில்லை என்பதால் அவற்றுக்குக் கூடுதல் காலம் பிடிக்கும்.

மா, பலா, முந்திரி இலைகள் தடித்தவை. நறுக்கிப் போட்டால் ஒழிய விரைவில் மட்காது. தைல மர இலையைத் தவிர்ப்பது நல்லது. வீட்டில் வடிகட்டிய தேயிலைத் தூள் பெரும்பாலும் பாலோடு கொதித்தது. பாலையும் விலக்குபவர்கள், எறும்பு வரக் கூடாது என்று நினைப்பவர்கள், அதை அலசிப் போட வேண்டும். காபித் தூளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நம் வீடுகளில் டிகாக்ஷன் தனியாகத்தானே இறங்குகிறது.

தென்னை நார்க்கழிவு உரமா?

உரம் அன்று, மண்ணை இளக்கி ஈரம் காக்கும் பொருள். மட்காத நார்க்கழிவில் கரிமம் தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் இருப்பதால், அதை அப்படியே கலந்தால் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கிவிடும். உப்பும் இருக்கும். கட்டியாக வாங்கியதை இரண்டு மூன்று முறை நீரில் அலசிவிட்டு, செம்மண் ஒரு பங்கு, மட்கு ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலக்கலாம். நார்க்கழிவை மட்கச் செய்யச் சிப்பிக்காளான் வித்தோடு யூரியா சேர்க்கும் முறை பரவலாக உள்ளது. இயற்கை முறையில் யூரியாவுக்குப் பதில் பயறு வகைத் தழையோ பிண்ணாக்கோ சேர்க்க வேண்டும்.

எலும்புத்தூளுக்கு மாற்று என்ன?

விலங்குப் பொருளை விலக்குபவர்களுக்கு உண்மையிலேயே கடினமான கேள்வி இது. தழைச்சத்தைக் காற்றிலிருந்து பயறு எடுத்துத் தரும்; மணிச்சத்தை அப்படி எந்தச் செடியும் எடுக்க முடியாது. மண்ணில் இருப்பதைச் சுழற்றலாம், அல்லது வெளியிலிருந்து கொண்டுவரலாம்.

வெளியிலிருந்து கொண்டுவரத் தக்கது பாறை பாஸ்பேட். இராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகே ஜாமர்கோட்ராவில் இது வெட்டியெடுக்கப்படுகிறது. கனிமம் என்பதால் விலங்கோடு தொடர்பில்லை. வேதிமுறையில் மாற்றப்படாததால் இயற்கை வேளாண்மையிலும் ஏற்கப்படுகிறது. ஆனால் இது அமிலத்தன்மை உள்ள மண்ணில்தான் நன்றாகக் கரையும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ள தோட்டங்களுக்குப் பொருந்தும். கோயம்புத்தூர், மதுரைப் பக்கத்துச் சுண்ணாம்பு மிகுந்த கரிசல் மண்ணில் போட்டால் பெரும்பாலும் போட்ட இடத்திலேயே கிடக்கும். அத்தகைய மண்ணில் பாறை பாஸ்பேட்டை நேரே போடாமல் மட்குக் குவியலில் கலந்து மட்கவைப்பது மேல். கார மண்ணில் எலும்புத்தூளும் இதே போல் மெதுவாகவே கரைகிறது என்பதால், அதை விட்டவர்கள் அதிகம் இழந்துவிடவில்லை.

சுழற்சிக்குத் தவிடு உதவும். தானியத்தின் மணிச்சத்தில் பெரும்பகுதி தவிட்டில்தான் இருக்கிறது. குவியலில் அவ்வப்போது ஒரு கைப்பிடி தூவலாம். பாஸ்போபாக்டீரியா மண்ணில் பிணைந்து கிடக்கும் மணிச்சத்தைக் கரைக்கிறது. வேர் உட்பூசணம் என்னும் வேம் (VAM) தன் இழைகளை வேருக்கு எட்டாத இடம் வரை நீட்டி, அங்குள்ள மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. நாற்றின் வேரில் படும்படி குழியில் இட வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றோடு இந்தப் பூசணம் சேர்வதில்லை. அவற்றுக்கு வாங்கிப் போடுவது வீண்செலவு. ஆண்டுதோறும் பிண்ணாக்குப் போடும் வீட்டுத் தோட்டத்தில், அதிலேயே வரும் மணிச்சத்து பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். பெரிய தோட்டமானால் மண் ஆய்வு செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சாம்பல்சத்துக்கு?

விறகுச் சாம்பல், வாழைத்தண்டு, வாழைச்சருகு, வாழைப்பழத் தோல் ஆகியவை எளிதில் கிடைப்பவை. வாழைப்பழத் தோலை நீரில் ஊறவைத்து ஊற்றுவதைவிட, மட்கில் போடுவதே முழுப் பயன் தரும். சாம்பல் காரத்தன்மை உடையது. சென்னையில் உப்புத் தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சுபவர்கள் அதை மிகக் குறைவாகவே பயன்படுத்த வேண்டும். நிலக்கரிச் சாம்பலும் வண்ணம் பூசிய மரத்தின் சாம்பலும் கூடாது.

முட்டை ஓட்டுக்குப் பதில் சுண்ணாம்புச்சத்து எதில் கிடைக்கும்?

ஜிப்சத்திலும் சுண்ணாம்புக்கல் தூளிலும் கிடைக்கும். கார மண்ணுக்கு ஜிப்சமே ஏற்றது. கிளிஞ்சல் சுண்ணாம்பு சிப்பி ஓட்டிலிருந்து வருவது என்பதைக் கொள்கைக்காக விலக்குபவர்கள் கவனிக்க வேண்டும். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதைக் கண்டதும் சுண்ணாம்புக்கு ஓடுபவர்கள் பலர். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவது. நீரைச் சீராக்கி மூடாக்குப் போட்டால் அடுத்த காய்கள் சரியாகிவிடும்.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் ஆகியவற்றுக்கு ஈடு உண்டா?

ஒன்றுக்கு ஒன்று என்ற ஈடு இல்லை, தேவையும் இல்லை. இவை சத்துக் கொடுப்பதைவிட நுண்ணுயிரையும் வளர்ச்சியூக்கிகளையும் கொடுப்பதற்காகவே பயன்படுகின்றன. 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் வெல்லமும் பயறு மாவும் ஒரு பிடி மண்ணும் சேர்கின்றன. சாணத்தையும் கோமியத்தையும் விட்டுவிட்டு, நன்கு மட்கிய உரத்தையும் ஆலமரத்தடி மண்ணையும் வெல்லத்தோடும் பயறு மாவோடும் ஊறவைத்தாலும் நுண்ணுயிர் பெருகும். நாள்தோறும் கலக்கிவிட்டு, மூன்று நான்கு நாளில் பயன்படுத்திவிட வேண்டும். கடையில் வாங்கும் நுண்ணுயிர் உரங்களான அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் இதே வேலையை இன்னும் உறுதியாகச் செய்யும். அவற்றைத் தொழு உரத்தில் கலந்து இடச் சொல்லும் இடத்தில் மட்கு உரத்தில் கலந்து இட்டால் போதும்.

பூ உதிராமல் காய் பிடிக்கத் தேமோர்க் கரைசல் தெளிப்பவர்கள், மோரை விட்டுவிட்டு இளநீரை நீரில் கலந்து தெளித்துப் பார்க்கலாம்; இளநீரில் உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டும் சைட்டோகைனின் இருப்பதால்தான் திசு வளர்ப்புக் கூடங்களிலும் அது பயன்படுகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் கடற்கரைப் பெண்கள் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கும் கப்பாபைகஸ் கடற்பாசியின் சாறும் நல்ல வளர்ச்சியூக்கி. அதைத் தெளிப்பாகப் பயன்படுத்தலாம். அடியுரத்தின் இடத்தை அது நிரப்பாது.

மண்புழு உரம் விலங்குப் பொருளா?

தொட்டியில் அடைத்து வளர்த்து எடுப்பதால் ஆம் என்பவர்களும், புழு தன் இயல்புப்படியே வாழ்வதால் தவறில்லை என்பவர்களும் உண்டு. அது அவரவர் மனச்சான்று. ஆனால் கடையில் விற்கும் மண்புழு உரம் பெரும்பாலும் சாணத்திலிருந்தே தயாராகிறது என்பது இரு தரப்பினருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாத்தியின் மேல் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டு ஈரம் காத்தால், நாட்டு மண்புழுக்கள் தாமே வரும், தொட்டி வேண்டியதில்லை.

அசோலா என்னும் மிதக்கும் நீர்ப்பெரணியைச் சாணம் இல்லாமல் வளர்க்க முடியுமா?

முடியும். நிழல்படும் இடத்தில் ஒரு தொட்டியில் சலித்த மண், மட்கு உரம், சிறிது பாறை பாஸ்பேட் ஆகியவற்றை இட்டு நீர் நிரப்பி விட்டால் போதும். மணிச்சத்து குறைந்தால் அசோலா சிவந்து சுருங்கும். வாரந்தோறும் அள்ளி, செடியடியில் பச்சையாகவே புதைக்கலாம்.

சாணத்தை நிறுத்தியதும் விளைச்சல் குறையுமா?

மட்கு நிறைந்த தோட்டத்தில் உடனே தெரியாது. புதிதாக மண் நிரப்பிய பைகளில், முதல் பருவத்தில் பிண்ணாக்கை மட்டும் நம்பியிருந்தால், செடி தழைத்தும் மண் இறுகியும் போகலாம். பிண்ணாக்கு சத்தைத் தரும் அளவுக்கு மட்குப்பொருளைத் தருவதில்லை. தொழு உரம் மண்ணை இளக்கிய வேலையை மட்கும் மூடாக்கும் செய்ய வேண்டும். அடியிலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. பிண்ணாக்குக் கரைசல் ஊற்றினால் பத்து நாளில் தெளியும். நுனியிலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று பொருள். அது கார மண்ணின் குறை. அங்கே மேலும் சாம்பல் போடக் கூடாது.

பூச்சியும் பிற தொல்லைகளும் கூடுமா?

ஒரு தொல்லை குறையும். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு எருக்குழியில் முட்டையிட்டுப் பெருகுவது. பாதி மட்கிய சாணத்தோடு வேர் தின்னும் வெண்புழுக்களும் தோட்டத்துக்கு வந்துவிடுகின்றன. தழை மட்குக் குழியிலும் அந்த வண்டு முட்டையிடும் என்பதால், தென்னை உள்ள தோட்டத்தில் குவியலைப் புரட்டும்போதெல்லாம் பருத்த வெண்புழு கிடக்கிறதா என்று பார்த்து அகற்ற வேண்டும்; கொல்ல விரும்பாதவர்கள் குவியலை வலையால் மூடிவைப்பதே வழி.

ஆமணக்குப் பிண்ணாக்கு விலை குறைவு என்று வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் ரிசின் என்னும் நச்சு எஞ்சியிருக்கலாம். நாய்கள் அதன் மணத்துக்கு வந்து தோண்டித் தின்று இறப்பதும் உண்டு. நாயோ தவழும் குழந்தையோ உள்ள வீட்டில் அதை வாங்கவே வேண்டாம். மற்ற வீடுகளில் போடும்போதும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் நீர் தெளித்து, ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.